அந்த முதல் வரியை எடுத்துவிடுங்கள்: க்வாசூலு-நட்டால் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்துத் தமிழ்ச் சங்கங்கள், கோயில் சபைகள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் செய்யப்பட்டு 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கும், துறைதோறும் இன விகித இலக்குகளை அரசு வகுக்க இடமளிக்கும் திருத்தம் குறித்து, உங்களில் சிலர் கூடி அரசுக்கு அனுப்பவிருக்கும் மனுவின் வரைவு என் கைக்கும் வந்தது. அதன் முகப்பில் போட நடுவுநிலைமையைப் பற்றித் தமிழில் இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் ஞாயிறுதோறும் உங்கள் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற உரிமையில் கேட்டீர்கள். அதே உரிமையில்தான் நானும் இதை எழுதுகிறேன். நீங்கள் எழுப்பும் குறை ஊர்ப் பொதுவானது என்பதால் என் மறுமொழியும் ஊரறிய இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்களில் பலருக்கு இதை யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது தெரியும், பொறுத்தருளுங்கள்.

வரைவின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "அன்று நாங்கள் போதிய அளவு வெள்ளையராக இல்லை, இன்று போதிய அளவு கறுப்பராக இல்லை." இந்த வாக்கியத்தைக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இழவு வீட்டு வாசலிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொல்பவர் பெருமூச்சு விடுவார், கேட்பவர் தலையாட்டுவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். வலியிலிருந்து பிறந்த வாக்கியம்தான், ஐயமில்லை. ஆனால் அது இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்துக் காட்டுகிறது. எடை ஒன்றாக இல்லை என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த மடல்.

அன்றைய தட்டில் இருப்பதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பன் துறையில் நின்றதிலிருந்து 1911 வரை, கரும்புத் தோட்டத்துக்கென்று ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஒப்பந்தம் முடிந்த பிறகும் தங்கியவர் தலையில் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விழுந்தது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து 1950-இல் வந்த குழுப்பகுதிச் சட்டம், நகராட்சித் தொழிலாளர் வாழ்ந்த மேகசின் பாரக்ஸையும் கேட்டோ மேனரின் காய்கறித் தோட்டங்களையும் காலி செய்து, எல்லாரையும் சாட்ஸ்வொர்த் மேடுகளில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்குள் கொண்டுபோய் அடைத்தது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் குடியிருக்க 1986 வரை ஓர் இந்தியருக்கு அனுமதி இல்லை. இவை எல்லாம் உங்கள் வரைவில் நன்றாகவே சொல்லப்பட்டிருக்கின்றன.

சொல்லப்படாதது, அந்தச் சட்டங்கள் ஓர் ஏணியைப் போலக் கட்டப்பட்டிருந்தன என்பதும், அதில் நமக்கென்று ஒரு நடுப்படி இருந்தது என்பதும்தான். தெருவில் நடக்க ஆப்பிரிக்கர் சுமந்த பாஸ் புத்தகம் என்ற அனுமதித் தாளை நாம் சுமக்கவில்லை. நமக்குத் தரப்பட்ட பள்ளி வெள்ளையர் பள்ளியைவிடத் தாழ்ந்தது. ஆனால் 1953-இல் வந்த பாண்டு கல்விச் சட்டத்தின் கீழ் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குத் தரப்பட்டதைவிட உயர்ந்தது. இந்தியருக்கென்று 1961-இல் சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கிய கல்லூரி இழிவுபடுத்தும் ஏற்பாடுதான் என்றாலும், அதன் வழியே வந்த ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் உங்கள் குடும்பப் புகைப்படங்களில் பார்க்கிறேன். என் மாணவி ஒருத்தியின் தாத்தா சாட்ஸ்வொர்த்தில் தவணை கட்டி வாங்கிய இரண்டு அறை வீட்டின் பத்திரத்தை ஒருமுறை என்னிடம் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு கிழியாமல் வைத்திருந்தார். அந்தப் பத்திரத்தை அடகு வைத்துத்தான் மகனைப் பல் மருத்துவம் படிக்க வைத்தாராம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் உம்லாசியில் அதே ஆண்டுகளில் வீடு பெற்ற ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்களாகவே வைக்கப்பட்டிருந்தன. அடகு வைக்க அவர்களிடம் தாள் இல்லை. அந்த ஒரு தாள் இரண்டு தலைமுறையில் எவ்வளவு தூரத்தை உண்டாக்கும் என்பதைக் கடை வைத்துக் கணக்குப் பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படியை நாம் கேட்டு வாங்கவில்லை என்பீர்கள். உண்மைதான். 1984-இல் நிறவெறி அரசு, வெள்ளையர், கலர்ட், இந்தியர் என்று தனித்தனியாகப் பிரித்த மூன்று அவை நாடாளுமன்றத்தில் நமக்கென ஓர் அவையைக் கொடுத்து விலைக்கு வாங்கப் பார்த்தபோது, பதிவு செய்த இந்திய வாக்காளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் வாக்குச்சாவடிக்குப் போனார். அதைப் பெருமையோடு சொல்கிறீர்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் பத்தாண்டு கழித்து, எல்லாரும் வாக்களித்த முதல் தேர்தலில், இந்திய வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் நிறவெறியைச் சட்டமாக்கிய அதே தேசியக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சத்தினால் போட்ட வாக்கு அது. அச்சம் எதைப் பற்றியது என்று நாம் இன்றுவரை உட்கார்ந்து பேசவில்லை.

இன்றைய தட்டுக்கு வருகிறேன். "போதிய அளவு கறுப்பராக இல்லை" என்று சட்டம் எங்கே சொல்கிறது? 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 'கறுப்பர்' என்ற சொல்லுக்குத் தரும் பொருளிலேயே ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர் என்ற பொருளில் கலர்ட் எனப் பதியப்பட்டவர், இந்தியர் ஆகிய மூவரும் அடக்கம். முந்தைய அநீதியால் பின்தள்ளப்பட்டவர்களை முன்னேற்றத் தனி நடவடிக்கை எடுக்கலாம் என்று அரசமைப்பின் ஒன்பதாம் பிரிவு சொல்வது நமக்கும் சேர்த்துத்தான். அதே அரசமைப்பின் ஆறாம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உங்கள் வரைவு பதினோரு பக்கம் ஓடுகிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

உங்கள் குறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2013-இல் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு எனக்குத் தெரியும். பதவி உயர்வுக்குத் தகுதி பெற்ற ஓர் இந்தியப் பெண் காவல் அதிகாரிக்கு அது மறுக்கப்பட்டது. நாட்டு மக்கள்தொகையில் இந்தியரின் விகிதத்தை அந்த நிலையிலுள்ள பதவிகளின் எண்ணிக்கையோடு பெருக்கியபோது ஒன்றில் ஒரு சிறு பின்னமே வந்தது. அதை முழு எண்ணாக்கியபோது பூஜ்யம் ஆனது. அதாவது, எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த நாற்காலியில் ஓர் இந்தியப் பெண்ணுக்கு இடம் பூஜ்யம். அது நியாயமற்ற பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. 2016-இல், மேற்குக் கேப் மாகாணச் சிறைத்துறையில் பணியாற்றிய, பெரும்பாலும் கலர்ட் அலுவலர்களின் வழக்கில், நாடு முழுவதற்குமான விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டது தவறு, வட்டார மக்கள்தொகையையும் பார்த்திருக்க வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்தியரும் ஆசியரும் 2.7 விழுக்காடு, இந்த மாகாணத்திலோ ஏறத்தாழ பத்தில் ஒருவர். டர்பனில் நூறு மேலாளர் பதவி இருக்கும் ஓரிடத்தில் முதல் கணக்குக்கும் இரண்டாவது கணக்குக்கும் ஆறேழு குடும்பங்களின் வாழ்வு வேறுபடும். மனுவில் இதைக் கேளுங்கள். பூஜ்யத்தை எதிர்த்து எழுதுங்கள். நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

கணக்கு பிழை என்பது ஒரு வழக்கு, கணக்கே கூடாது என்பது வேறொரு வழக்கு. உங்கள் வரைவு முதலாவதில் தொடங்கி, ஏழாம் பக்கத்தில் ஓசையில்லாமல் இரண்டாவதுக்குள் நழுவிவிடுகிறது. மக்களில் 81 விழுக்காட்டுக்கு மேலானோர் ஆப்பிரிக்கர். அவர்களில் வேலைக்கு வரக்கூடியவர்களில் வேலையில்லாமல் அலைவோர் மூன்றில் ஒருவருக்கும் மேல். வெள்ளையரில் அது பத்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை. 2017-இன் நிலத் தணிக்கைப்படி, தனிமனிதர் பெயரில் உள்ள விவசாய நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடம் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு "எல்லாரும் சமம் ஆகிவிட்டோம், இனி நிறம் பார்க்காதீர்கள்" என்று எழுதினால், அது யாருடைய குரல்? 2025 மே மாதம், டச்சுக்காரர் வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர்கள் சிலர் தங்கள் சொந்த நாட்டிலேயே இன ஒடுக்குதலுக்கு ஆளாவதாகச் சொல்லி அமெரிக்காவுக்கு அகதிகளாக விமானம் ஏறினார்கள். மனுவின் படியை வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் அனுப்பலாம் என்று வரைவின் ஓரத்தில் யாரோ பென்சிலில் குறித்திருக்கிறீர்கள். நட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் மாண்டி நாயக்கர், 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் ஆல்ஃபிரட் சூமாவோடும் டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் தாதூவோடும் சேர்ந்து, ஆப்பிரிக்கரும் இந்தியரும் இணைந்து போராடுவோம் என்று கையெழுத்திட்டது வேறு வகைத் தாள் என்பதை அந்தப் பென்சில்காரருக்கு நினைவூட்டுகிறேன்.

இனி, எழுதக் கை கூசும் பகுதி.

2021 சூலை இரண்டாம் வாரத்தில் மூண்ட கலவரத்தில் நம் ஊரில் கடைகளும் கிடங்குகளும் எரிந்தன, காவல்துறை வரவில்லை, அச்சம் பொய்யன்று. நான் குடியிருக்கும் தெருமுனையில் பழைய டயர்களை அடுக்கி, குறுக்கே பேக்கி எனும் சிறு சரக்கு வண்டி ஒன்றை நிறுத்தி, கிரிக்கெட் மட்டையும் இரும்புக் குழாயுமாக ஆட்கள் நின்றார்கள். என் பழைய மாணவன் ஒருவனும் நின்றான். ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிய என்னைப் பார்த்ததும், "மாஸ்டர், நீங்க போங்க" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். எனக்குப் பின்னால் வந்த ஆப்பிரிக்க இளைஞனை மட்டும் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார்கள். குழந்தைக்கான பால்மாவு டப்பா இரண்டு உருண்டன. ரசீது கேட்டார்கள். அவன் குந்தி உட்கார்ந்து, கால்சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவி, கசங்கிய ரசீதை எடுத்து நீட்டினான், விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் நடந்தது அவ்வளவுதான். என் ரொட்டிக்கு ரசீது இல்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. கறுப்பர் தெருவில் நடக்கத் தாள் காட்ட வேண்டும் என்ற சட்டம் 1986-இலேயே ஒழிந்துவிட்டது என்பதை நான் அங்கே நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் குடித்தேன்.

இந்தியர் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸ் நகர்ப்பகுதியில் அது ரசீதோடு முடியவில்லை. காவல்துறை அமைச்சர் சொன்ன கணக்கின்படி அங்கே கொல்லப்பட்டோர் 36 பேர். அவர்களில் 33 பேர் ஆப்பிரிக்கர்கள். மனித உரிமை ஆணையத்தின் விசாரணையில் அந்தக் குடும்பங்கள் வந்து பேசினார்கள். அந்த ஆண்டு நம் மண்டபங்களில் நடந்த கூட்டங்களில் எரிந்த கடைகளுக்கு நிதி திரட்டினோம்; தெருக்காவல் நின்ற இளைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். நான் போன எந்தக் கூட்டத்திலும் அந்த 36 பேருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கவில்லை. உங்கள் மனுவில் அந்த வாரத்துக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, பொருள் இழப்பின் பட்டியலாக.

இது நமக்குப் பழக்கமான மறதி. 1949 சனவரியில், விக்டோரியா தெரு அருகே ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததிலிருந்து பற்றிய கலவரத்தை நம் வீடுகளில் இன்றும் பாட்டிமார் சொல்கிறார்கள். இறந்தவர் 142 பேர் என்றும் சொல்கிறார்கள். அவர்களில் 50 பேர் இந்தியர்கள், 87 பேர் ஆப்பிரிக்கர்கள் என்று சொல்லி முடித்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வரியை எடுத்துவிடுங்கள். பூஜ்யக் கணக்கையும் வட்டார விகிதத்தையும் பற்றிய பகுதியை முன்னே கொண்டுவாருங்கள். சூலை வாரத்தின் பகுதியில் இறந்தவர்களின் எண்ணிக்கையை, எந்தப் பக்கத்தவர் எத்தனை பேர் என்பதோடு, எழுதுங்கள். அனுப்புவதற்கு முன், ஆப்பிரிக்கர் வாழும் பக்கத்து ஊர்களான இனாண்டாவிலும் பம்பாயியிலும் உள்ள தேவாலயச் சபையாரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். பம்பாயி என்பது காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பைச் சுற்றியே எழுந்த ஊர். நம் வருடாந்தரச் சுற்றுலாப் பேருந்து அதன் வழியாகத்தான் போகிறது, கண்ணாடியை ஏற்றிவிட்டபடி. அவர்கள் திருத்தம் சொல்வார்கள், சில திருத்தங்கள் சுடும்.

ஞாயிறு வகுப்புகளில் தமிழுக்குப் பக்கத்து அறையில் சூலு மொழிக்கும் ஒரு வகுப்பு வையுங்கள் என்று ஆறு ஆண்டாகக் கேட்டு வருகிறேன், அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். பாத்திரம் கழுவ வரும் அறுபது வயது அம்மாளைப் பத்து வயதுப் பிள்ளை 'கேர்ள்' என்று கூப்பிடுவதை நம் வீடுகளில் கேட்கிறேன். தமிழில் அந்த வயதுக்கு, பாட்டி என்ற பொருளில், 'ஆயா' என்பதுதான் சொல். சூலுவில் 'கோகோ'. இரண்டு சொல்லும் அந்தப் பிள்ளைக்கு யாராலும் கற்றுத்தரப்படவில்லை. ஒன்று என் பொறுப்பில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட இரண்டு வரியை எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பதினொரு மணிக்கு மண்டபத்தில் இருப்பேன். வரைவின் அச்சுப்படி ஒன்றும் சிவப்புப் பேனா இரண்டும் கொண்டுவருகிறேன். பென்சிலில் குறித்தவரும் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
டர்பன்