பழைய சேவ் பத்திரமாக இருக்கிறது

மச்சான்,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். மழை வந்தால் அம்மாவுக்கு முட்டி வலி கூடுகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. போன வாரம் நீ போன் செய்தபோது மெட்ரோவில் இருந்தேன். தண்டையார்பேட்டை வருவதற்குள் லைன் போய்விட்டது. நம் பழைய கேமின் சேவ், அதாவது ஆடிய இடத்தைப் பதிந்து வைத்த ஃபைல், இன்னும் இருக்கிறதா, கேமை மாற்ற ரசிகர்கள் செய்கிற மோடை அதோடு போடலாமா என்று நீ கேட்டது ஒரு போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் கேமின் சேவ் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மேசைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் போயே போய்விட்டது. பழைய காப்பி எல்லாம் அதில்தான் இருந்தது. ஆனால் ஒரு பென்டிரைவை மட்டும் ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் வைக்கிற கவரில் போட்டு பீரோவின் மேல் தட்டில் வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்ததும் முதலில் அந்தக் கவரைத்தான் பிரித்துப் பார்த்தேன். பத்திரம் நனையவில்லை, பென்டிரைவும் நனையவில்லை. அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

2012-ல் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகுமே, நினைவிருக்கிறதா? மொட்டை மாடியில் பாயைப் போட்டு, பிஎஸ்பி என்ற ஒரே கையடக்க கேம் மிஷினை ஆளுக்கு ஒரு சண்டை என்று மாற்றி மாற்றி ஆடினோம். கேமில் ஆள் எடுக்கிற வாரியர்ஸ் கில்டில் சேர்த்த ஆட்களுக்கு நம் தெருப் பசங்க பேரை வைத்தோம். விழுந்தவனை மூன்று டர்னுக்குள் எழுப்பாவிட்டால் கிரிஸ்டலாகவோ பெட்டியாகவோ ஆகிவிடுவான், திரும்ப வரவே மாட்டான். உன் தம்பி பேர் வைத்த ஆர்ச்சர் அப்படி விழுந்தபோது நீ மிஷினையே ஆஃப் செய்தாய். அந்தச் சேவில் அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

அப்புறம் கேமில் வரும் ரியோவானஸ் கோட்டை. வாசல் சண்டையை முடித்ததும் சேவ் செய்யவா என்று கேட்டது. நாமும் இருந்த ஒரே சேவின் மேலேயே எழுதிவிட்டோம். உள்ளே போனால் ஹீரோ ராம்சா தனியாக வில்லன் வீக்ராஃபோடு மோத வேண்டும். வீக்ராஃப் விழுந்தால் உடனே பெலியாஸ் என்ற அரக்கன் வருவான். வெளியே வந்து லெவல் ஏற்ற வழியே இல்லை. மூன்று வாரம் அங்கேயே மாட்டிக்கொண்டோம். கடைசியில் அடி விழுந்தால் தானாக மருந்து குடிக்கிற ஆட்டோ பொஷனைப் போட்டுக்கொண்டு, டெயில்விண்ட் என்ற திறமையை டர்னுக்கு டர்ன் அடித்து ராம்சாவின் ஸ்பீடை ஏற்றித்தான் தப்பித்தோம். அன்றிலிருந்து இரண்டு சேவுக்குக் குறைந்து நான் ஆடியதே இல்லை. கோட்டைக்குள் நுழையும் முன்னால் ஒன்று, உள்ளே போன பிறகு வேறொன்று.

இப்போது மோட். நீ கேட்டது இரண்டு, இரண்டும் ஒரே ஜாதி இல்லை. முதலாவது, வேகத்தைச் சரிசெய்கிற பேட்ச். பிஎஸ்பி பதிப்பில் மந்திரம் போட்டால் படம் இழுத்து இழுத்து ஓடும், சத்தம் முன்னாலேயே முடிந்துவிடும். ரசிகர் ஒருவர் அதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அது கேமின் விவரம் எதையும் தொடாது, நம் சேவ் அப்படியே ஓடும். நம் யூஎம்டியிலிருந்து, அதாவது பிஎஸ்பி டிஸ்கிலிருந்து, காப்பி எடுத்த ஐஎஸ்ஓ ஃபைலில் நானே போட்டுப் பார்த்தேன், அவ்வளவு நன்றாக இருக்கிறது! ஒரு பதிப்புக்குச் செய்த பேட்ச் இன்னொரு பதிப்புக்குப் பொருந்தாது, அதை மட்டும் பார்த்துக்கொள். ஒரிஜினல் ஐஎஸ்ஓவை அழிக்காதே, காப்பி எடுத்து அதில் போடு.

இரண்டாவது, ஆட்டத்தையே கடினமாக்கி ஆயுதம், திறமை எல்லாவற்றையும் மாற்றுகிற மோட். இதில் பழைய சேவைத் திறக்கவே திறக்காதே. சேவ் ஃபைலில் வாளின் பேர் இருக்காது, அதன் எண்தான் இருக்கும். மோட் அந்த எண்ணுக்கு வேறு பொருளை வைத்திருந்தால் உன் ஆள் கையில் வேறு எதுவோ வந்து நிற்கும். புது கேமாக ஆரம்பி. அதிலும் ஒரு ஆபத்து உண்டு: மோட் போட்டாலும் கேமின் ஐடி மாறாது. அதனால் பழைய கேம், மோட் கேம் இரண்டுக்கும் ஒரே சேவ் லிஸ்ட்தான் வரும். கை தவறி ஓகே அழுத்தினால் 2012 போய்விடும். மோடைத் தொடும் முன்னால் சேவ் எல்லாம் இருக்கிற சேவ்டேட்டா ஃபோல்டரை முழுசாக வெளியே காப்பி எடுத்து, தேதியும் எந்த மோட் என்பதும் பேரில் போட்டு வை. ஒரு போட்டோ அளவுகூட வராது, பத்து காப்பி வைத்தாலும் இடம் போகாது.

போனில் ஆடுவதற்கு, பிஎஸ்பி கேமைப் போனில் ஓட்டுகிற பிபிஎஸ்எஸ்பிபி ஆப் போதும், நம் பிஎஸ்பி சேவை அது அப்படியே படிக்கும். சேவ் ஃபோல்டரின் பேர் யூஎல்யூஎஸ் என்று தொடங்கினால் அமெரிக்கப் பதிப்பு, நம்முடையது அதுதான். உன்னிடம் இருப்பது யூஎல்இஎஸ், அதாவது ஐரோப்பியப் பதிப்பு என்றால் சேவ் கண்ணிலேயே படாது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து எதையும் அழித்துவிடாதே. முதல்முறை திறக்கும்போது டேட்டாவை எங்கே வைக்கட்டும் என்று ஆப் கேட்கும். ஆப்புக்குள்ளேயே என்று கொடுக்காமல் வெளியே ஒரு ஃபோல்டரைக் காட்டு. ஆப்பை நீக்கினால் உள்ளே இருப்பது எல்லாம் சேர்ந்து போகும். ஆடுகிற நொடியை ஆப்பே அப்படியே பிடித்து வைக்கிற ஸ்டேட் சேவ் வசதிதான், சண்டை நடுவில் உதவும். ஆனால் ஆப் அப்டேட் ஆனால் அது திறக்காமல் போகலாம், அதை நம்பி விடாதே. தினம் முடிக்கும்போது கேமுக்குள் போய் ஒரு முறை சேவ் செய்துவிடு.

சேவ்டேட்டாவை ஜிப் செய்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். பென்டிரைவ் பழையபடி கவரிலேயே இருக்கிறது.

மற்றபடி, பிஎஸ்பி பேட்டரி உப்பிவிட்டது, பின் மூடியே மூடவில்லை. கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன், இப்போது சார்ஜர் வயரோடுதான் ஆடுகிறேன். பர்மா பஜாரில் நாலு கடை கேட்டேன், எல்லாம் போன் கவரும் இயர்போனும்தான். ஒருவர் மட்டும் பழைய ஸ்டாக்கில் பார்த்துச் சொல்கிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டார். உன் பக்கம் நல்ல பேட்டரி கிடைத்தால் பொங்கலுக்கு வரும்போது ஒன்று வாங்கி வா. நம்முடையது ஸ்லிம் மாடல், பிஎஸ்பி-2000. மாற்றி வாங்கிவிடாதே. தம்பியையும் கூட்டி வா.

உன்,
தண்டையார்பேட்டை மச்சான்