நாராவுக்கு அரை நாள் கொடுங்கள்: ஜப்பான் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானுக்குக் குழுவாக ஆள் சேர்த்து அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். கடந்த நவம்பரில் உங்களில் ஒருவர் மூலமாக, 38 பேர் கொண்ட குழுவில் நானும் என் அம்மாவும் ஜப்பான் போய் வந்தோம். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஊர் திரும்பியதும் இன்னும் நான்கைந்து பேரின் பயணத் திட்டங்களை வாங்கிப் பார்த்தேன். ஜப்பானின் பழைய தலைநகரான நாராவுக்கு ஒதுக்கிய நேரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இந்த மடல் உங்கள் எல்லாருக்கும் பொது.

எங்களுக்குக் கொடுத்த அச்சிட்ட திட்டத்தில் ஏழாம் நாளுக்கு நேரே இப்படி இருந்தது: ‘நாரா பழைய நகரை உள்ளூர் வழிகாட்டியுடன் நடந்தே பார்த்தல், அரை நாள்.’ அம்மாவுக்கு 71 வயது. அந்த ஒரு வரிக்காக இரண்டு மாதம் தினமும் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகினார். வாழ்நாளில் முதன்முறையாக ஷூ வாங்கினார். கோயிலைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம், தெருவை நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அன்றைக்கு எங்கள் பஸ், பெரிய புத்தர் சிலை இருக்கும் தோதாய்ஜி கோயிலுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் போய் நின்றபோது மணி 10.50. ‘சரியாகப் பன்னிரண்டுக்கு எல்லாரும் பஸ்ஸில் இருக்க வேண்டும், ஒசாகாவில் லஞ்ச் புக் பண்ணியிருக்கிறது’ என்று மைக்கில் அறிவித்தார் டூர் மேனேஜர். அரை நாள் என்றால் எழுபது நிமிடம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதில் கழிப்பறை வரிசைக்குப் பதினைந்து நிமிடம். மான்களுக்குப் பிஸ்கட் வாங்கிப் போடுவதற்கு இன்னொரு பதினைந்து.

வழிகாட்டி எங்கே என்று கேட்டோம். அவர் கின்டெட்சு நாரா ரயில் நிலையத்து வாசலில், நீரூற்றின் நடுவே நிற்கும் கியோகி துறவியின் சிலைக்கு அருகில் காத்திருந்தாராம். அவருக்குச் சொல்லியிருந்த இடம் அதுதான். மாற்றியதை யாரும் தெரிவிக்கவில்லை. போன் போட்ட பிறகு நடையும் ஓட்டமுமாக வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டிய பெண்மணி, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். மூச்சு வாங்கிக்கொண்டே, தாமதத்துக்கு அவர்தான் எங்களிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். உங்கள் ஆள் கேட்கவில்லை.

அவர் பையில் 38 தாள்கள் இருந்தன. தன் கையால் வரைந்த வரைபடத்தை நகலெடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்திருந்தார். சிலையில் தொடங்கி சருசாவா குளக்கரை, நாராமாச்சி என்னும் பழைய குடியிருப்பின் சந்துகள், காங்கோஜி கோயில், அங்கிருந்து மான்கள் திரியும் பூங்கா வழியாகப் பெரிய புத்தர் என்று புள்ளி புள்ளியாக ஒரு பாதை. தாளின் மூலையில் ஒரு தூரிகையும், அதிலிருந்து நீளும் ஒரு கயிறும்.

நிதானமான, எளிய ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ‘நீங்கள் தென்னிந்தியாவிலிருந்து வருகிறீர்கள் என்பதால் அந்தச் சிலையடியில் தொடங்க நினைத்தேன்’ என்றார். 736-இல் கடல் கடந்து வந்த போதிசேனர் என்ற இந்தியத் துறவியை நனிவா (இன்றைய ஒசாகா) துறைமுகத்தில் வரவேற்றவர் அந்தக் கியோகிதானாம். போதிசேனரைத் தென்னாட்டவர் என்றும், மதுரைக்காரர் என்றும் நம் பக்கம் சொல்வதுண்டு. ஜப்பானியர்கள் அவரைப் பிராமணத் துறவி என்று பொருள்படும் பெயரால் குறித்து வைத்திருக்கிறார்கள். 752-இல் இந்தப் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் அவர். நம் ஊரில் சிற்பி விக்கிரகத்துக்குக் கண் திறப்பாரே, அதே சடங்கு. போதிசேனரின் கையில் இருந்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கண் திறந்த புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் அல்லவா?

‘அந்தக் கயிறு...’ என்று வழிகாட்டி அடுத்த வாக்கியத்தை எடுத்தார். ‘போட்டோ டைம்! எல்லாரும் வாங்க, லேட் ஆகுது’ என்று உங்கள் ஆள் கொடியை ஆட்டினார். கூட்டம் கலைந்தது. அவர் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோதும் ஒருமுறை குனிந்து வணங்கினார். அம்மா மட்டும் போய் ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பஸ் ஏறிய பிறகு, புத்தர் 15 மீட்டர் உயரம், இப்போதுள்ள மண்டபம் 1709-இல் கட்டி முடித்தது என்றெல்லாம் மைக்கில் சொன்னார்கள். போனில் தட்டினால் கிடைக்கிற தகவல். அம்மா என் பக்கம் திரும்பி, ‘அந்தக் கயிறு என்ன ஆச்சுன்னு கேட்டியா?’ என்றார். வீட்டுக்கு வந்து நானே தேடித் தெரிந்துகொண்டேன். தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலப் பொருள்களில் இருக்கின்றன. அந்தக் கருவூலம் நாங்கள் பார்த்த மண்டபத்துக்குப் பின்புறம்தான்.

என் கோரிக்கை சிறியது. நாரா போன்ற பழைய ஊருக்கு அரை நாள் கொடுங்கள். உள்ளூர் வழிகாட்டியோடு நடக்க விடுங்கள்.

710-இல் தலைநகரான ஊர் அது. நாராமாச்சியின் சந்துகளுக்குள் உங்கள் பெரிய பஸ் நுழையாது. அதனால் எங்களுக்கு நாராமாச்சியே இல்லை என்றாகிவிட்டது. மரச்சட்டக் கிராதி வைத்த பழைய வீடுகள், அவற்றின் இறவாணத்தில் தொங்கும் சிவப்புத் துணிக் குரங்குகள் எல்லாம் அங்கேதான். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை குரங்கு; அவர்களுக்கு வரும் தீமையை அவை வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. நாம் வாசலில் பூசணிக்காய் கட்டுவதைப் போலத்தான். காங்கோஜியின் கூரையில் இதற்கும் முந்தைய தலைநகரான அசுகாவிலிருந்து கொண்டுவந்த ஓடுகள் சில இன்னும் இருக்கின்றன, ஏறக்குறைய 1,400 வருடம் பழையவை. இதையெல்லாம் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு திருநெல்வேலியில் உட்கார்ந்து படித்தோம்.

நாராவை விட்டு ஓடியது எதற்காக? சாம்பாருக்காக. சைவச் சாப்பாடு கிடைப்பது அங்கே சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் பெட்டியில் புளிக்காய்ச்சல் இருந்தது. ஒருவேளைக்குப் பொட்டலம் கட்டித் தந்திருந்தால் குளக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். சாம்பாருக்குப் பிறகு ஒசாகா கடைத்தெருவில் இரண்டரை மணி நேரம் தாராளமாக விட்டீர்கள். முகப்பூச்சும் வலிநிவாரணி பிளாஸ்திரியும் வாங்குவதற்கு நேரம் இருந்தது. எட்டு நாளில் ஆறு ஊர் என்று விளம்பரம் போடுகிறீர்கள். அடுத்த வருடம் பஸ்ஸை நிறுத்தாமலே ஓட்டினால் பத்து ஊர் காட்டலாம், யோசித்துப் பாருங்கள். அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழு! காலை ஐந்து மணிக்கே பூங்கொத்துப் படம் போட்டு குட்மார்னிங் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, சந்திக்கும் இடம் மாறியதை ஒரு வரி அனுப்பத் தெரியவில்லை.

சரி, மன்னியுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

வயதானவர்களால் நடக்க முடியாது என்பீர்கள். யாரைக் கேட்டீர்கள்? நடக்க முடியாதவர்கள் குளக்கரையிலோ பஸ்ஸிலோ இருந்துகொள்ளட்டும், மற்றவர்கள் போகலாம் அல்லவா? தமிழ் தெரிந்த வழிகாட்டி கிடைப்பதில்லை என்பீர்கள். உண்மைதான், அங்கே அரசு நடத்தும் வழிகாட்டித் தேர்வில் உள்ள பத்து அயல்மொழிகளில் இந்திய மொழி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அன்று அவர் பேசிய ஆங்கிலம் அம்மாவுக்கே புரிந்தது. புரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தானே உங்கள் டூர் மேனேஜர் கூட வருகிறார்? செலவு என்றும் சொல்லாதீர்கள். போக்குவரத்துக் காசையும் நுழைவுச்சீட்டையும் மட்டும் ஏற்றுக்கொண்டால் உடன் நடந்து வரத் தன்னார்வ வழிகாட்டிகளும் நாராவில் இருக்கிறார்கள்.

ஆகவே தயவுசெய்து அடுத்த பயணத் திட்டத்தில் நாராவுக்கு அரை நாள் கொடுங்கள். அரை நாள் என்றால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, நடை எவ்வளவு தூரம், வழிகாட்டி உள்ளூர்க்காரரா என்பதைத் திட்டத்திலேயே அச்சிடுங்கள். தர முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிட்டு, ‘மான், புத்தர், எழுபது நிமிடம்’ என்று போடுங்கள். அதற்கும் ஆள் வருவார்கள், நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்கிறோம்.

எங்களை அழைத்துப் போனவரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அந்த வழிகாட்டிக்கு மீதி 37 தாள்களுக்கும் அன்றைய ஓட்டத்துக்குமாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள். அவர் முகவரி உங்களிடம் இருக்கிறது. எங்களிடம் இல்லை.

இப்படிக்கு,
ஏழாம் நாளை இழந்த பயணி ஒருவர்,
திருநெல்வேலி