கியூவில் நிற்பவனுக்கு ஓர் ஆள் வேண்டும்

பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மையத்தின் கிளஸ்டரில் (பல கம்ப்யூட்டர்களை இணைத்த மெஷின்) முதல் ஜாபைப் போட்டேன், அதாவது ஓட்டித் தரச் சொல்லி ஒரு கணக்கைக் கொடுத்தேன். என் வழிகாட்டியின் பழைய ஃபோர்ட்ரான் புரோகிராம். அதிகம் கேட்டால் சீக்கிரம் முடியும் என்று நான்கு நோடு, அதாவது அதிலுள்ள நான்கு தனிக் கம்ப்யூட்டர்கள், கேட்டேன். கோர் என்பது கணக்குப் போடும் ஒரு தனி மூளை; நோடுக்கு 48 வீதம் 192 கோர். ஐந்து நாள் கியூவில் கிடந்து ஆறாம் நாள் ஓட ஆரம்பித்தது. 72 மணி நேரக் கெடு தீர்ந்ததும் பாதியில் நின்றது. நடுநடுவே சேமிக்கும்படி எழுதாததால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுபடி போட்டேன். அங்கே வேலை பார்த்த ஓர் அண்ணன் தற்செயலாகக் கவனித்துக் கூப்பிட்டார். ஜாப் ஓடிய நோடுக்குள் போய், ஒவ்வொரு கோரும் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் 'எச்டாப்' கட்டளையை அடித்தார். திரையில் 48 பட்டைகள். ஒன்று மட்டும் முழுக்க நிரம்பியிருந்தது, மற்ற 47 காலி. மீதி மூன்று நோடுகளில் அந்த ஒன்றுகூட இல்லை. "தம்பி, இது ஒரே கோர்ல ஓடுற புரோகிராம். உங்க லேப்டாப்ல இதைவிட வேகமாவே ஓடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். முதல் ஜாபில் மட்டும் 191 கோர், 72 மணி நேரம்: 13,752 கோர்-மணி வீண். என் பின்னால் காத்திருந்தவர்களின் நேரம் அது.

தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் 2015இல் 4,500 கோடி ரூபாயில் தொடங்கியது. 2022இல் திருச்சி என்ஐடிக்கே 838 டெராஃபிளாப்ஸ் மெஷின் வந்தது. நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்கு. பெயர் பரம் பொருள். (வைத்தவருக்கு ரசனை உண்டு.) மெஷின் இல்லை என்று இனி யாரும் புலம்ப முடியாது. ஆனால் என்னைப் போலச் சின்னப் பல்கலைக்கழகத்திலிருந்து வருபவனுக்கு, பக்கத்து மேஜையில் கேட்க ஆள் இருக்காது. பயிலரங்கு நடத்துகிறீர்கள், சரி. அங்கே ஒரே கணக்கைப் பல கோர்களுக்குப் பிரித்து ஓட்டும் எம்பிஐ முறையைச் சொல்லித் தருகிறார்கள். என் புரோகிராமுக்கு அது தேவையா என்று பார்த்துச் சொல்பவர் யார்?

அதனால் கேட்கிறேன்: புதியவரின் முதல் ஜாபை உடன் உட்கார்ந்து பார்க்க மையத்துக்கு ஒருவரையாவது வையுங்கள். அவருக்கு நிரந்தர வேலை கொடுங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் நல்ல ஆள் தங்கமாட்டார். அந்த அண்ணனும் போய்விட்டார். ஜாப் முடிந்ததும் கேட்ட கோரில் எவ்வளவு உழைத்தது என்று ஜாப்களைக் கியூவில் வைத்து ஓட்டும் ஸ்லர்ம் மென்பொருளின் 'செஃப்' கட்டளையே சொல்லிவிடும். அதைத் தானாக மின்னஞ்சலில் அனுப்புங்கள், செலவே இல்லை. அப்புறம், அரை மணி நேரச் சோதனை ஜாப்களுக்கென்று ஒன்றிரண்டு நோடுகளை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

மெஷினில் நேரம் கேட்கும் விண்ணப்பமும் இளகட்டும். ஆராய்ச்சியாளர்களுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் நேரம் ஒதுக்கும் அமெரிக்காவின் ஆக்செஸ் திட்டத்தில் சிறிய ஒதுக்கீட்டுக்கு ஒரு சுருக்கக் குறிப்பு போதும். வழிகாட்டியின் கடிதத்தோடு ஆராய்ச்சி மாணவரே கேட்கலாம்.

ஆள் போடும்வரை சனிக்கிழமைகளில் நானே வந்து உட்காரத் தயார். சம்பளம் வேண்டாம், அந்த 13,752இல் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இப்போது ஒரே ஒரு கோர் கேட்கும் ஆராய்ச்சி மாணவன்