மூன்று வருடத்தில் ஆஸ்பத்திரி ஃபைலை அழிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் நாலு கறவை மாடும் வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. 2014-ல் புற்றுநோயால் என் வலது மார்பை எடுத்து, கையோடு சிலிக்கான் இம்ப்ளான்ட், அதாவது மார்புக்குப் பதிலாக உள்ளே வைக்கும் செயற்கைப் பை, வைத்தார்கள். பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். கதிர்வீச்சு பட்டால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி வளரும் சவ்வு இறுகிப்போக வாய்ப்பு அதிகமாம். எனக்கு அப்படித்தான் ஆனது. கொட்டாங்குச்சி மாதிரி கெட்டியாகி மேலே ஏறிக்கொண்டது. பால் கறக்க உட்கார்ந்தால் கை வரை இழுத்து வலிக்கும்.

போன வருடம் ஸ்கேனில் இம்ப்ளான்ட்டின் உறை கிழிந்திருப்பதும் சுற்றிலும் நீர் கட்டியிருப்பதும் தெரிந்தது. "எந்தக் கம்பெனி, என்ன நம்பர்?" என்று கோயமுத்தூர் டாக்டர் கேட்டார். பத்திரமாக வைத்திருந்த மஞ்சப்பையைக் கொட்டித் தேடினேன். டிஸ்சார்ஜ் தாளில் 'சிலிக்கான் இம்ப்ளான்ட், வலது' என்பதோடு சரி. பழைய ஆஸ்பத்திரிக்குப் போனால், "மூணு வருசத்துக்கு மேல ஃபைல் வெக்கறதில்லீங்கக்கா" என்றது கவுண்ட்டரில் இருந்த பிள்ளை. அந்தப் பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் விதியே மூன்று வருடம்தான் கேட்கிறது.

சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒரு வகை இம்ப்ளான்ட்டை, அரிதான நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது என்று 2019-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். எனக்குள் இருப்பது அதுவா? சொல்ல ஆளில்லை. நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு 12 நாள் நானும் என் வீட்டுக்காரரும் தூங்கவில்லை. ஒன்றுமில்லை என்று முடிவு வந்த பிறகே மறு அறுவை நடந்தது. இறுகிய சவ்வோடு சேர்த்து எடுத்துவிட்டு, முதுகுச் சதையை வைத்துச் சரிசெய்தார்கள்.

இம்ப்ளான்ட் பெட்டியிலேயே எண் போட்ட ஸ்டிக்கர் வருமாம். அதை ஓர் அட்டையில் ஒட்டி நோயாளி கையில் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? எங்கள் மாடுகளுக்குக் காதில் 12 இலக்க எண்ணோடு தோடு குத்தியிருக்கிறார்கள். எனக்குள் பத்து வருடம் இருந்த பொருளுக்கு ஓர் எண் இல்லை.

அந்தப் பொருள் உடம்பில் இருக்கும் வரை ஃபைலை அழிக்கக் கூடாது என்று விதியைத் திருத்த வேண்டும். வலி இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதையும் அந்த அட்டையிலேயே தமிழில் அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோபிசெட்டிபாளையம்.