தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்திருக்கும். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத் தனியாகக் கூட்டம் இருக்கிறது, அதை அங்கே வைத்துக்கொள்வோம். இந்தக் கடிதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதமாக எழுதி வரும் தோட்ட நோட்டைப் பற்றியது. உங்களில் சிலர் பள்ளி வாசலில் நின்று என்னிடம் கேட்டீர்கள். இரண்டு மூன்று பேர் கொஞ்சம் கோபமாகவே கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நோட்டு என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கிற ஒரு செடியைத் தினமும் ஐந்து நிமிடம் பார்த்து, என்ன பூத்தது, எது வந்து உட்கார்ந்தது, எது எதைத் தின்றது என்று நாலு வரி எழுத வேண்டும். தோட்டம் இல்லாத வீடு என்று யாரும் சங்கடப்பட வேண்டாம். பீடி சுற்றும் முறத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் டப்பாவில் வளரும் துளசியும் கணக்கில் உண்டு. சொல்லப்போனால் அந்தத் துளசியைப் பற்றி எழுதிய பெண்தான் ஒரே காலையில் பதினோரு தேனீயை எண்ணியிருக்கிறாள்.

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்ம வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறும் 2021 நவம்பரில் பெருக்கெடுத்து வந்து, ஊரையே பாலாற்றுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்க வைத்தது. அப்புறம் பழையபடி மணல்தான். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு குருவிக்கு நிழலும் ஒரு வாய்த் தண்ணீரும் எங்கே கிடைக்கும் என்று பார்த்தால், பெரும்பாலும் நம் வீட்டுக் கொல்லையிலும் துணி துவைக்கும் கல்லடியிலும்தான். இது எனக்கே பிள்ளைகளின் நோட்டைப் படித்த பிறகுதான் உறைத்தது.

என்னவெல்லாம் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? நந்தியாவட்டையில் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு, முகத்துக்குப் பக்கத்தில் நீலமாக இரண்டு பெரிய கண். அதைப் பார்த்த பையன் பயந்துபோய் ஓடி வந்திருக்கிறான். அது கண்ணே இல்லை, குருவியை மிரட்டுவதற்கான வேஷம். அரளியையும் நந்தியாவட்டையையும் தின்று வளர்ந்து, பச்சைப் பளிங்கு மாதிரி ஓர் அந்துப்பூச்சியாக மாறும். இன்னொரு வீட்டில் தேன்சிட்டு துணிக்கொடியிலேயே கூடு கட்டிவிட்டது. சிலந்தி நூலையும் நாரையும் சருகையும் ஒட்டி, பை மாதிரி தொங்கும் கூடு. ஷூ கம்பெனிக்கு விடியற்காலை பஸ் பிடிக்கிற அந்த அம்மா, குஞ்சு பறக்கும்வரை அந்தக் கொடியில் ஈரத்துணி போடாமல் நாற்காலி முதுகில் உலர்த்தியிருக்கிறார். அவருக்கு இந்தக் கடிதத்தில் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன். கனகாம்பரக் காயில் எச்சில் தொட்டு வைத்தால் படக்கென்று வெடித்து விதை தெறிக்கும் என்பதை மட்டும் ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். அதை நாங்களும் அந்த வயதில் ஆற்காட்டில் செய்திருக்கிறோம், மாறவே இல்லை.

சரி, இனி புகார்கள்.

முதல் புகார் கறிவேப்பிலை. "நோட்டு எழுதணும் என்று புழுவை எடுக்கவே விடமாட்டேன் என்கிறாள், செடி மொட்டையாகிவிட்டது" என்றார் ஒரு அப்பா. நியாயமான வருத்தம்தான். இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது சின்ன வயதுப் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாகக் கவட்டைக்கோல் மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. இரண்டு மூன்று வாரத்தில் கூடு கட்டி, அப்புறம் கறுப்பு வெள்ளையில் பெரிய பட்டாம்பூச்சியாகப் போய்விடும். பெரிய மரமென்றால் அது தின்பது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. தொட்டியில் இரண்டடிச் செடி என்றால் இரண்டு புழுவை விட்டுவிட்டு, மற்றதை இலையோடு கிள்ளி எலுமிச்சையிலோ வில்வத்திலோ வையுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ரசத்தில் போடுகிற இலைமேல் பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

முருங்கைக் கம்பளிப்பூச்சி வேறு விஷயம். அதில் எனக்கு எந்தக் கருணையும் இல்லை. அதன் முடி பட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். பிள்ளைகளை அந்த மரத்தடிக்கு விடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் தப்பு என் பக்கமும் இருந்தது. கிணற்றடியில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லிலும், பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டேங்கிலும் தண்ணீர் நிரப்பிப் பள்ளியில் வைத்தோம். குருவிக்கு ஆட்டுக்கல், அல்லிக்கு டேங்க். லீவு நாட்களில் யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது ஆட்டுக்கல்லில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த சுகாதார ஆய்வாளர் பிள்ளைகள் முன்னாலேயே எனக்குப் பாடம் எடுத்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் நாலைந்து வீடுகளில் தொட்டியைக் கவிழ்த்துவிட்டதாகத் தெரிகிறது.

கவிழ்க்க வேண்டாம். டெங்கு பரப்பும் கொசு தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். குருவிக்கு வைக்கும் சின்னப் பாத்திரத்தை நாலு நாளுக்கொருமுறை காலி செய்தாலே அந்தக் கணக்கு முறிந்துவிடும். ஆனால் கொட்டிவிட்டு உடனே நிரப்பினால் போதாது. முட்டை தண்ணீர்க் கோட்டை ஒட்டி உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

அல்லித் தொட்டியை அப்படி வாராவாரம் கழுவ முடியாது. அதற்கு மீன் வேண்டும். கடையில் விற்கும் கப்பி மீன் நாலைந்து போதும். ஏரி ஓரத்தில் தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல நீந்துமே, அந்தச் சின்ன மீன் கிடைத்தால் இன்னும் நல்லது, அது நம்ம ஊர் மீன். கப்பி பெருகிவிட்டது என்று அதைக் கொண்டுபோய் ஏரியில் கொட்டாதீர்கள். மீனோடு தட்டான் குஞ்சும் வந்துவிட்டால் கவலையே இல்லை. தட்டான் வெளியே பறப்பதற்கு முன் தண்ணீருக்குள்தான் வளர்கிறது, கொசுப்புழுதான் அதற்குச் சாப்பாடு. அல்லி நடுவது எளிது. ஏரி வண்டலைச் சின்னத் தொட்டியில் போட்டுக் கிழங்கை நட்டு, மேலே ஒரு விரல்கடை ஆற்றுமணல் பரப்பித் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். பச்சைச் சாணி போட்டால் தண்ணீர் நாறிப்போகும். வெள்ளை அல்லி ராத்திரியில் விரிந்து, வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதனால் "பூக்கவே இல்லை" என்று எழுதிய பையன் விடியலுக்கு முன் ஒருநாள் எழுந்து பார்க்கட்டும். ஆகாயத்தாமரையை மட்டும் அழகாக இருக்கிறதென்று கொண்டுவர வேண்டாம். அது ஏரிகளை என்ன பாடுபடுத்துகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு ஜாண் தண்ணீரும் ஆபத்து. அங்கே தொட்டிக்கு மேல் கம்பிவலை கட்டாயம். கட்ட வழியில்லை என்றால் தொட்டியே வேண்டாம்.

"தவளை வந்தால் பின்னாலேயே பாம்பு வரும்" என்று ஒரு பாட்டி சொன்னார். வரலாம். தண்ணீர்ப்பாம்புக்கும் சாரைக்கும் விஷம் இல்லை. ஆனால் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் நம் பக்கத்தில் உண்டு என்பதால் பிள்ளைகளை அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். தொட்டியைச் சுற்றிச் செங்கல், விறகு, ஓடு குவித்து வைக்காமல் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாமல் தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். கடித்துவிட்டால் கட்டுவதோ கீறுவதோ கூடாது. காலை அசைக்காமல் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், வேப்பமரத்தடியில் எல்லோரும் தங்கள் வீட்டுச் செடியைப் பற்றிப் பேசப் போகிறார்கள். வர முடிந்த பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வாருங்கள். கொடுக்க மனமிருந்தால் விதையோ, பதியனோ, ஒரு துண்டுக் கிழங்கோ கொண்டுவரலாம். இலவம்பாடிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் முள்ளுக்கத்தரி விதை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர்தான், முந்துகிறவர்களுக்குக் கிடைக்கும். போனில் படம் எடுத்து வர வேண்டிய அவசியமில்லை, நோட்டில் வரைந்தால் போதும்.

பாட்டிலில் அடைத்த பட்டாம்பூச்சி, பறவைக் கூடு, குஞ்சு எதுவும் வேண்டாம். கீழே விழுந்த குஞ்சைக் கையால் எடுத்துக் கூட்டில் வைத்தால் தாய் சேர்க்காது என்பது சும்மா பேச்சு, தாராளமாக எடுத்து வைக்கலாம். பச்சைக்கிளியைக் கூண்டோடு கொண்டுவரட்டுமா என்று ஒருவன் கேட்டான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்க் கிளியை வளர்ப்பதே குற்றம். அவன் வீட்டில் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

மழை வந்தால் கூட்டம் ஆறாம் வகுப்பு அறையில் நடக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: என்னிடம் ஊதா டிசம்பர் பூ நிறைய இருக்கிறது. வெள்ளை யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு கிளை ஒடித்து அனுப்புங்கள். பதிலுக்குப் பவழமல்லிக் கன்று மூன்று தயாராக வைத்திருக்கிறேன்.