வலது பக்கம் குரல், இடது பக்கம் கிதார்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதென்று ஸ்பீக்கர் வயரை இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தாயாமே. வயரை விட்டுவிடு, அதில் ஒன்றும் இல்லை. பீட்டில்ஸ் குழுவின் முதல் எல்.பி. (பெரிய ரெக்கார்ட்) 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யை ஸ்டீரியோவில் போட்டால் அப்படித்தான் கேட்கும். குரலெல்லாம் வலது பக்கம், கிதாரும் பேஸும் டிரம்ஸும் இடது பக்கம்.

காரணம் டேப்பில் இருக்கிறது. லண்டனில் ஆபி ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அப்போது அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு ட்ராக் மெஷின்தான், அதாவது ஒரே டேப்பில் இரண்டு தனித் தடங்களில் பதிவது. இன்ஜினியர் நார்மன் ஸ்மித் வாத்தியங்களை ஒரு ட்ராக்கிலும் குரல்களை இன்னொன்றிலும் பதிந்தார். ஸ்டீரியோவை மனதில் வைத்துச் செய்த வேலையில்லை அது. பதிவு முடிந்தபின் குரலை எவ்வளவு தூக்கலாம், வாத்தியத்தை எவ்வளவு இறக்கலாம் என்று பார்த்து மோனோவாக, அதாவது எல்லாச் சத்தமும் ஒன்றாக வரும்படி, கலப்பதற்கான வசதி, அவ்வளவே. 1963 மார்ச் 22இல் வந்தது மோனோ எல்.பி. ஸ்டீரியோ ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 26இல்தான் வந்தது. அதற்காக இரண்டு ட்ராக்கையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டார்கள். அதனால் என் கட்சி மோனோ.

ஆனாலும் உன் ஸ்டீரியோ பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாதே, வேறு விதத்தில் பயன்படும். பேலன்ஸ் குமிழை முழுக்க வலது பக்கம் திருப்பி 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டைப் போடு. குரலுக்குப் பின்னால் டிரம்ஸ் மங்கலாகக் கேட்கும். நால்வரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பாடி வாசித்ததால் குரல் மைக்கில் கசிந்தது அது. ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம், தொண்டை கட்டியிருந்தது. தொண்டை கிழிந்துபோகும் பாட்டு என்பதால்தான் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதைக் கடைசிக்கு வைத்தார். முதல் டேக்கே, அதாவது முதல் தடவை பாடிப் பதிந்ததே, ரெக்கார்டில் போயிற்று. இரண்டாவது முயன்றார்கள், குரல் மிச்சமில்லை. முடிவில் பால் மக்கார்ட்னி போடும் 'ஹே!'யையும் தவறவிடாதே.

எல்.பி.யில் 14 பாட்டு. நான்கு ஏற்கெனவே வந்த இரண்டு சிங்கிள்களிலிருந்து (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்ன ரெக்கார்ட்) எடுத்தவை. மீதி பத்தும் 1963 பிப்ரவரி 11, ஒரே நாளில் பதிந்தவை. காலை பத்துக்குத் தொடங்கி இரவு பத்தே முக்கால் வரை. 'ஹோல்ட் மீ டைட்' என்று ஒன்றையும் அன்று முயன்று ஒதுக்கினார்கள். ஒரே நாள் என்றாலும் ஒட்டுவேலை இல்லாமலில்லை. முதல் பாட்டு 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்' தொடங்கும்போது பால் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று எண்ணுகிறாரே, அந்த எண்ணிக்கை ஒன்பதாவது டேக். பாட்டு முதல் டேக். டேப்பை வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். பிப்ரவரி 20இல் பீட்டில்ஸ் யாரும் இல்லாமல் மார்ட்டினே 'மிஸரி'யில் பியானோவும் 'பேபி இட்ஸ் யூ'வில் செலஸ்டாவும் (மணியோசை தரும் கீபோர்டு) சேர்த்தார். 'மிஸரி'யின் டேப்பை வழக்கமான நொடிக்கு 15 அங்குல வேகத்துக்குப் பதில் 30 அங்குலத்தில் ஓட்டிப் பதிந்திருந்தார்கள். பாதி வேகத்தில் ஓடவிட்டு நிதானமாகப் பியானோ வாசித்து, பிறகு முழு வேகத்துக்குக் கொண்டுவரலாம் என்ற கணக்கு.

'லவ் மீ டூ'வில் டிரம்ஸ் யார் என்று நீ கேட்ட விவகாரத்துக்கு வருகிறேன். அதில் மூன்று பதிவுகள். 1962 ஜூன் 6இல் குழுவின் அப்போதைய டிரம்மர் பீட் பெஸ்ட். செப்டம்பர் 4இல் அவரிடத்துக்கு வந்த ரிங்கோ. அது மார்ட்டினுக்குத் திருப்தியாக இல்லை. செப்டம்பர் 11இல் ஆண்டி ஒயிட் என்ற ஸ்டூடியோ டிரம்மரை உட்காரவைத்து, ரிங்கோ கையில் டாம்பரீனை (கஞ்சிரா மாதிரி, ஜல்ஜல்லென்று கேட்கும்) கொடுத்தார்கள். பாவம் ரிங்கோ. எது எது என்று பிரிக்க டிரம்ஸ் ஞானம் வேண்டாம்: டாம்பரீன் கேட்டால் ஆண்டி ஒயிட், கேட்காவிட்டால் ரிங்கோ. அக்டோபர் 5இல் வந்த சிவப்பு லேபிள் சிங்கிளில் (பார்லஃபோன் ஆர் 4949) ரிங்கோ. எல்.பி.யில் ஆண்டி ஒயிட். ரிங்கோ பதிவின் மூல டேப் மிஞ்சவில்லை, பின்னாளில் பழைய ரெக்கார்டிலிருந்துதான் எடுத்தார்கள். 2012இல் ஐம்பதாம் ஆண்டுக்கென்று அந்தச் சிங்கிளை மறுபடி அச்சடித்தபோது கம்பெனியே டாம்பரீன் பதிவைப் போட்டுவிட்டுத் திரும்பப் பெற்றது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் விற்பவர் வாய்வார்த்தையை நம்பி நீ காசு எண்ணலாமா? ஓடவிட்டுக் கேட்டபிறகு வாங்கு.

அந்தப் பாட்டுக்கும் அதன் பின்பக்கத்துக்கும் இரண்டு ட்ராக் டேப் இல்லை. ஆகவே ஸ்டீரியோ எல்.பி.யில் அவை இரண்டும் போலி ஸ்டீரியோ: மோனோவையே எடுத்து கனத்த சத்தத்தை ஒரு பக்கமும் மெல்லிய சத்தத்தை மறு பக்கமும் தூக்கியிருக்கிறார்கள்.

'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' சிங்கிள் 1963 ஜனவரி 11. முதலில் மெதுவான பாட்டாக இருந்தது, மார்ட்டின் சொல்லித்தான் வேகம் கூட்டினார்கள். ஸ்டீரியோவில் இதைக் கடைசிச் சரணத்தில் கவனி. ஜான் வரியைத் தப்பாகப் பாடி, அடுத்த 'கம் ஆன்'இல் சிரிப்பை அடக்குவார். மோனோவில் அது கிடையாது, ஏனென்றால் ஸ்டீரியோவுக்கு வேறு டேக்குகளை ஒட்டினார்கள். இது முதலிடம் பிடித்ததா என்று கேட்டிருந்தாய். என்.எம்.இ., மெலடி மேக்கர் பத்திரிகைகளின் பட்டியல்களில் முதலிடம். ரெக்கார்ட் ரீடெய்லர் பத்திரிகையின் பட்டியலில் இரண்டாமிடம். இன்று அதிகாரப்பூர்வம் என்று எடுத்துக்கொள்வது பின்னதை. அதனால்தான் 2000இல் வந்த முதலிடப் பாட்டுகளின் தொகுப்பில் இது இல்லை. எல்.பி.க்கு அந்தச் சிக்கல் இல்லை: மே மாதம் முதலிடத்துக்கு ஏறி 30 வாரம் இறங்கவில்லை. இறக்கியதும் அவர்களுடைய இரண்டாவது எல்.பி.தான்.

போனில் மோனோ ஆடியோ என்றொரு வசதி உண்டு, செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டியில் பார். ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்கிறவனுக்குப் பாதிப் பாட்டு போகாமலிருக்க அது போதும். ஆனால் அது இரண்டு பக்கத்தையும் அப்படியே கூட்டிவிடும். அன்று கை வைத்துக் கலந்த அளவு வராது, ஜானின் தப்பும் போகாது. அசல் மோனோ வேண்டுமென்றால் 2014இல் வந்த மோனோ எல்.பி.யைத் தேடு. தனித்தனியாக விற்றார்கள். 2009 மோனோ சி.டி. பெட்டியாக மட்டுமே வந்தது, மொத்தமாக வாங்க வேண்டும்.

1963 அச்சு யாராவது காட்டினால் முதலில் லேபிளைப் பார். கறுப்பில் தங்க எழுத்து இருந்தால் முதல் கட்டம், மஞ்சள் எழுத்து இருந்தால் பிந்தியது. தங்கத்திலும் 'மிஸரி' போன்ற நான்கு பாட்டுகளுக்குக் கீழே பாட்டு உரிமை கம்பெனியாக டிக் ஜேம்ஸ் பெயர் இருந்தால் அது முந்தியது, நார்தன் சாங்ஸ் என்றிருந்தால் அடுத்தது. தங்க லேபிளில் ஸ்டீரியோ கிடைப்பது அரிது, அன்று ஸ்டீரியோ பெட்டி வைத்திருந்தவர்களே குறைவு. விலையும் அதற்குத்தான் ஏறிக் கிடக்கிறது. கேட்பதற்கு வாங்குகிறாய் என்றால் அந்த விலை உனக்குத் தேவையில்லை.

லேபிளைப் படம் பிடித்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வயரைத் திரும்ப மாட்டிவிட்டாயல்லவா?

அன்புடன்,
சேகர்