தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு லீவு நாளில் காஞ்சனாபுரிக்குப் போய் வா. பேங்காக்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்தானாம், மாமா சொன்னார்.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோன தாத்தாவைக் கடைசியாகப் பார்த்தவர் நம் தோட்டத்து லயத்துப் பெரியவர்தான். காலில் புண் அழுகி எலும்பு தெரிய, அங்கே ஆஸ்பத்திரிக் கொட்டகையில் மூங்கில் பரணில் கிடந்தாராம். அதோடு சரி. பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. செத்த நாள் தெரியாமல் இன்றும் அமாவாசையில்தான் படைக்கிறோம்.

அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் அங்கே செத்தார்கள். ஆற்றோரம் சுங்காயில் அவர்களுக்கு ஆஸ்பத்திரி முகாம் இருந்தது. அதில் இறந்தவர்களைக் கைதிகளே அடக்கம் செய்த இடம் இன்றும் இருக்கிறது, 1,700 பேருக்கு மேல். யார் எந்தக் குழியில் என்று ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் எழுதி, போத்தலில் அடைத்து, குழிக்குள்ளேயே மறைத்தார்கள். 1945-ல் சண்டை முடிந்ததும் விடுதலையான கைதிகளில் சிலர் வீட்டுக்குப் போகாமல், தேடும் குழுவோடு தண்டவாளம் நெடுகப் போய் 10,000-க்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் கல்லில் பெயர் இருக்கிறது.

நம் தமிழ் ஆட்களுக்கு அப்படி எழுதி வைக்க யாருமில்லை. காலராவில் போனவர்களை ஒரே குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். எத்தனையோ ஆயிரம் பேர். சுங்காயில் தாத்தா பெயரைத் தேடாதே. காஞ்சனாபுரியிலேயே வாட் தாவோன் என்கிற புத்தர் கோயிலில் நம்மவர்கள் நடுகல் வைத்திருக்கிறார்கள். அங்கே மாலை போட்டு, அவர் பெயரை வாய்விட்டுச் சொல்.

வெளியூர் ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு வயிறு கலங்குகிறது தம்பி. படுத்த அன்றே வீட்டுக்குத் தகவல் வர வேண்டும், யாராக இருந்தாலும். பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தில் புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கொசு கடித்திருக்கும் என்கிறாள் தங்கச்சி. சரி. வேளைக்குச் சாப்பிடு.

என் மகன் பேங்காக்கில் இன்ஜினியர் என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் நான் எது கேட்டாலும் 'ம்' என்று பதில் போடுகிறாய், அது வலிக்கிறது.

வேலையிடத்தில் நம் வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறாயா? அறையில் கூட இருக்கும் பையனிடமும் கொடு. உனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் அவனைச் சொல்லச் சொல், நான் திட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, முகம் பார்க்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா